எண்பது டிகிரி நார்மலாம், மாப்பிள்ளை!

தாயில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள மாப்பிள்ளை பாலகுருவுக்கு,

உன் மச்சான் வேலுச்சாமி ஓசூர் திசை பார்த்துக் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அக்கா வள்ளித்தாயும் சுகம் என்றுதான் நினைக்கிறேன், சோற்றை வைக்கிற சத்தத்தில் தெம்பு தெரிகிறது. உன் மருமகள் பானுப்பிரியா சுகமா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. மூன்று நாளாக எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாள். அங்கே நீயும் உன் வீட்டாரும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்க நம் மாரியம்மன் துணை இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வேலை நேரத்தில் போனைப் பட்டாசுக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பேசினால் நம் இரண்டு அறையில் எந்த மூலையில் நின்று பேசினாலும் பானு காதில் விழும். விழக்கூடாத விஷயம்.

பானு சிவகாசி அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்து, இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். பட்டியல் போட்டுக் கொடுத்ததே நீதானே. கேம் விளையாட இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று முதலில் நானும் கேட்டேன். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருக்கிறார்களாம், ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி தேனி, அடுத்த ஞாயிறு அவர்களுக்கு முதல் போட்டி. இத்தனை நாள் பானு போய் விளையாடிய சிவகாசி கேம் சென்டரை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்குள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று நானும் ஒத்துழைத்தேன். அங்கேதான் வினை ஆரம்பம்.

கம்ப்யூட்டர் சாமான்களை அவள் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிய அன்று, இருபத்திரண்டு வருடமாக வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமில் போர்மேனாக இருப்பவன் சும்மா நிற்பேனா? நைலான் துப்பட்டாவைக் கழற்றி வைத்துப் பருத்திச் சேலை கட்டிக்கொள்ளச் சொன்னேன். செருப்பு கூடாது. உடம்பில் மின்சாரம் நிற்கக்கூடாது என்று, கம்பெனி வாசலில் இருப்பது போலவே ஒரு செம்புத் தகட்டை மண்ணில் புதைத்து அதைத் தொட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னேன். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும், அறையில் நாலு பேருக்கு மேல் ஆகாது, மூலையில் ஒரு வாளி மணல். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாடத்தி வாளியைப் பார்த்ததும் வாசலோடு நின்று, "ஏண்ணே, வீட்டுலயே வெடிக்குத் திரி சுத்துறீகளா? போலீசு வந்தா எங்க வீட்டயும்ல சேத்துப் பூட்டுவாக!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். அப்போது பானு சிரித்துக்கொண்டே, "இல்ல அத்த, இந்த வீடியோல சொல்லித் தர்றவரும் மொதல்ல கையில உள்ள கரண்ட்ட எறக்கிட்டுத் தொடுங்கன்னுதான் சொல்றாரு. அப்பா சொல்றது கரெக்ட்டுதான்" என்றாள். மாப்பிள்ளை, அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சம் இருந்தது கேம் படத்தை வேகமாக ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். தீபாவளி சீசன், அவளுக்கு லீவு கிடைக்காது. வியாழக்கிழமை முகூர்த்தத்துக்கு மதுரை போகிற நானே வாங்கி வருகிறேன் என்று மார்தட்டிவிட்டேன்.

நீ சொன்ன கார்டின் பெயரைச் சீட்டில் எழுதித்தான் கொடுத்தாள். கடைக்காரரும் அதையேதான் எடுத்து வைத்தார். பெட்டியைப் பிரித்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு சாமான், அதில் மூன்று விசிறி. எதற்கு மூன்று என்று கேட்டேன். "சூடாகும்ணே, அதுக்குத்தான்" என்றார். எம்புட்டு என்றேன். "கேம் ஓடுறப்ப எண்பது டிகிரி வரைக்கும் போகும், அதெல்லாம் நார்மல்ணே" என்றார். எண்பது டிகிரியை நார்மல் என்று சொல்கிற ஆளை எங்கள் கம்பெனியில் கேட்டைத் தாண்டி விடுவோமா? சித்திரை வெயிலில் ரூமில் கொஞ்சம் புழுக்கம் தட்டினாலே கலவையை நிறுத்தி எல்லாரையும் வேப்பமரத்தடிக்கு விரட்டுகிறவன் நான். "இருக்கதுலயே சூடாகாதது எது, அத எடுங்க" என்றேன். விசிறியே இல்லாமல், உள்ளங்கை அளவில், சாதுவாக ஒன்றை எடுத்து வைத்தார். ஆபீஸ் வேலைக்குத்தான் ஆகும் என்று ஏதோ சொன்னார், ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். படம் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பானு பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரிப்பா" என்று சொல்லிப் பூட்டினாள். படம் தெரியத்தான் செய்தது. ஆனால் கேமில் ஓடுகிற சிப்பாய் ஒரு காலைத் தூக்கினால், நான் டீயைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் மறு காலைப் போடுகிறான். "நல்லா நிதானமாத்தான் போறான்" என்று சொல்லிப் பார்த்தேன். எதிரியும் அதே நிதானத்தில் வந்து அவனைச் சுட்டுவிட்டான். பானு கம்ப்யூட்டரை அணைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். "ரெண்டு வருசமா பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயி ஒழச்ச பிள்ள. எழுதிக் குடுத்தத வாங்கிட்டு வரத் தெரியல ஒங்களுக்கு" என்றாள் உன் அக்கா. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

நான் அறியாமல் வாங்கவில்லை மாப்பிள்ளை, பயந்து வாங்கினேன். ஆறு வருடத்துக்கு முன் பக்கத்து ரூமில் மருந்து வெடித்துத் தங்கச்சாமி போனதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எதைக் கண்டாலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். அயர்ன் பாக்ஸ், மோட்டார், தூங்குகிற பிள்ளையின் நெற்றி, எல்லாம். போவதற்கு முந்தைய நாள் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றவன் அவன். வெளியே இருக்கிற சூட்டையெல்லாம் சம்பளத்துக்காகத் தாங்கிக்கொள்கிறேன், என் மகள் கைக்கு அரை அடி தூரத்தில் எண்பது டிகிரியை நானே காசு கொடுத்து வாங்கி வைக்க மனசு வரவில்லை. அவளுக்கு ஆசை, எனக்குப் பயம். இரண்டில் எது பெரியது என்று கடைக்காரரிடமா கேட்க முடியும்?

ஆகையால் நீ ஒரு உதவி செய்ய வேண்டும். இந்த வாரத்துக்குள் அவளுக்கு போன் போட்டு, இந்தச் சின்னக் கார்டே தாராளமாகப் போதும், குற்றம் அந்த கேமில்தான் என்று சொல்லிவிடு. பெரிய கார்டு இப்போது நல்லதாக வருவதில்லை என்றும் சேர்த்துக்கொள். அது பொய் என்று எனக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மாமன் சொன்னால் நம்புவாள்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். சின்னவனுக்கு என் முத்தம். மழை வந்தால் வண்டியை மெதுவாக ஓட்டவும். நீ எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்
வே. வேலுச்சாமி

பின்குறிப்பு: மேலே கேட்ட உதவி வேண்டாம். உன் பின்கோடு தெரியாமல் கவரை பானுவிடம் நீட்டினேன், புத்தி கெட்டுப்போய்க் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து முழுதும் படித்தாள். சண்டைக்கு வருவாள் என்று நின்றேன். "அந்தக் கார்டு சூடு கூடுனா அதுவா வேகத்தக் கொறச்சிக்கிரும்ப்பா. இன்னும் கூடுனா மொத்தமா நின்னுரும். ஒங்க மருந்து ரூமு அப்பிடி நிக்குமா?" என்று கேட்டாள். "மூணாங்கிளாஸுல இருந்து எங்கன சத்தம் கேட்டாலும் அது ஒங்க கம்பெனிப் பக்கமான்னுதான் மொதல்ல பாப்பேன். வேலைக்குப் போகாதீகன்னு ஒரு நாளு சொல்லிருக்கேனா?" என்றாள். அவ்வளவு நாளாக அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது, மாப்பிள்ளை. சீசனில் லீவு தராவிட்டாலும் நாளை ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இருவருமாக மதுரை போய்க் கார்டை மாற்றுகிறோம். வந்ததும் நான் முதலாளியைப் பார்த்து, மருந்து ரூமை விட்டுவிட்டு பேக்கிங் பக்கம் மாறிக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டுமாம். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பேச்சு போதாதாம், நான் பின்வாங்கினால் ஏன் என்று கேட்க உன்னைப் போல ஒரு ஆள் வேண்டுமாம். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்கவிடாமல், இந்தப் பின்குறிப்பையும் பக்கத்தில் நின்று எழுத வைத்து, அவளே தபாலில் போடுகிறாள்.