சவரக் கத்திக்கு இரண்டு திருகு

ஒரே சட்டைப் பையில் இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்கிறவனை நம்பி எந்தக் காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. சொல்கிறவன் அனுபவஸ்தன்.

கீரப்பாளையத்தில் வாக்கப்பட்ட என் அக்கா வீட்டில் ஒரு வழக்கம். எந்தக் குழந்தைக்கு மொட்டை போட்டாலும் முதல் இழுப்பு அந்த வீட்டு மடக்குச் சவரக் கத்தியில்தான். மிச்சம் புது பிளேடில். அக்கா மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்தபோது, அந்தக் கத்தியின் கைப்பிடி ஆணி தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. "குடுங்க மாமா, நான் புதுசாக்கித் தரேன்" என்று அக்கா புருஷனிடமிருந்து வாங்கி வந்தேன். (யாரும் கேட்கவில்லை. வீடியோ பார்த்த திமிர்.)

வேண்டியது ஒரு மெல்லிய பித்தளை ஆணி, அதன் இரு முனைக்கும் மிளகு அளவில் வாஷர். கடலூரில் நான் ஏறி இறங்காத ஹார்டுவேர் கடை இல்லை.

"வாஷரா? எந்த மோட்டாருக்கு?"

"சவரக் கத்திக்குண்ணே."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, தாடி வெச்சிட்டுப் போயேன்."

ஆணிக்குப் பித்தளைக் கம்பி கிடைத்தது. வாஷர் கிடைக்கவில்லை. தாய்மாமன் சீராகத் தங்கக் கம்மல் வாங்கச் சிதம்பரம் போனேன். நகைக்கடையில் திருகுகளைத் தனியாக ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். அப்போதுதான் என் மேதாவி மூளை வேலை செய்தது. அடடா, நடுவில் ஓட்டை, மிளகு அளவு! பக்கத்துக் கவரிங் கடையில் இரண்டு திருகு வாங்கினேன். அவர்களும் ரோஸ் தாளில்தான் மடித்தார்கள்.

மறுநாள் கம்பியில் திருகுகளைக் கோத்து, முனைகளைச் சுத்தியால் தட்டி முடித்தேன். கத்தி ஜொலித்தது. ஜொலிக்காமல் என்ன செய்யும்?

அக்காவின் மாமியாருக்கு எங்கள் வீட்டுச் சீர் மேல் எப்போதும் சந்தேகம். "எந்தம்பி கொறை வெக்க மாட்டான்" என்று அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

கோயிலில் கத்தி வெண்ணெயாகத் திறந்தது. "பலே மச்சான்!" என்றார் மாமா. மொட்டை முடிந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தர் ஒரு காதைக் குத்திக் கம்மலை நுழைத்துவிட்டுத் திருகைக் கையில் எடுத்தார். உற்றுப் பார்த்தார்.

"கம்மல் தங்கந்தான் தம்பி. திருகு கவரிங்கா இருக்கே?"

குழந்தை வீரிட்டது. "கொழந்த காதுலயா மிச்சம் புடிக்கணும்?" என்றார் மாமியார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயோ, தங்கம் கத்தியில இருக்கு!" என்று அலறினேன். ஒருவரும் நம்பவில்லை. பத்தர் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆமா. தங்கத்தத்தான் அடிச்சி வெச்சிருக்காரு."

கோயிலே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தன் காதுத் திருகுகளைக் கழற்றிக் குழந்தைக்குக் கொடுத்தாள். கவரிங்கைத் தான் போட்டுக்கொண்டாள். அந்தக் காதோடுதான் அன்று அத்தனை பேருக்கும் பந்தி பரிமாறினாள். எனக்கும் சாம்பார் ஊற்றினாள்.

மறுவாரமே அவளுக்குப் புதுத் தங்கத் திருகு வாங்கிக் கொடுத்துவிட்டேன். கத்தியில் இருப்பதைப் பிரிக்க மாமா விடவில்லை. அது இப்போது பீரோவில் நகைகளோடு இருக்கிறது. அக்கா மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன பொங்கலுக்கும் பந்தியில் சத்தமாகக் கேட்டாள்.

"மாமா, எனக்கு முன்னாடி நீ கத்திக்குத்தான காது குத்துன?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கை காதுத் திருகைத் தொட்டுப் பார்த்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.