சுற்று வழி டிக்கெட்

டைம் கீப்பருக்கு இருபத்தேழாவது வரிசை, மனைவிக்கு நாலாவது. முதல் விமானம் முழுக்க அவர் கண்ணில் பட்டது அவளுடைய கொண்டை மட்டும்தான். அதுவும் பாதி.

“பொண்ணு ஊருக்கு நேரா போற விமானமே இல்லையாங்க?” என்றாள் அவள், நடுவழி விமான நிலையத்தில் இறங்கியதும்.

“இருந்தா எடுத்திருக்க மாட்டேனா?”

பச்சைப் பொய். எண்ணூறு கிலோமீட்டர், நேர் விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இவர் தேடிப் பிடித்து எடுத்ததோ, வேறொரு ஊரைச் சுற்றிக்கொண்டு ஒன்பது மணி நேரத்தில் போய்ச் சேரும் டிக்கெட். ரிட்டயர் ஆகும்வரை பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதி, ஒரு நிமிஷம் தாமதமானாலும் டிரைவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிய மனுஷன் செய்கிற காரியமா இது?

எல்லாம் ஒரு பழைய ரயிலால் வந்தது. கல்யாணமான புதுசில் இதே ஊருக்கு ஒரு முழுப் பகலும் ராத்திரியும் போனார்கள். மரப்பலகை சீட், ஜன்னல் வழியாகக் கரித்தூள். அவள் பேசிக்கொண்டே வந்தாள். கணக்கு டீச்சரின் குறட்டை, தம்பி விழுங்கிய சட்டைப் பொத்தான், எதையும் விடவில்லை. இவர் வயிறு வலிக்கச் சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது வீட்டில் என்ன பேச்சு? “மோட்டார் போட்டீங்களா?” “போட்டேன்.” அவ்வளவுதான். அந்தப் பழைய பேச்சை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இத்தனை பாடு.

அடுத்த விமானத்திலாவது பக்கத்தில் உட்கார வேண்டுமே! கவுன்டருக்குப் போனார்.

“எல்லா சீட்டும் ஃபுல் சார்” என்றாள் அங்கிருந்த பெண்.

“அவளுக்கு உடம்பு முடியலம்மா. நான் பக்கத்துல இருந்தே ஆகணும்.”

சீட் வரவில்லை. சக்கர நாற்காலி வந்தது.

“யாருக்கு இது?” என்றாள் மனைவி.

“உனக்குத்தான். சும்மா உக்காரு.”

“எனக்கென்ன கேடு? ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டு வந்தது யாரு?”

நாற்காலிக்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. அவளை உட்காரவைத்து நேரே டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். டைம் கீப்பர் பெட்டிகளோடு பின்னால் ஓடினார்.

டாக்டர் பார்த்துவிட்டு, “அம்மா நல்லாத்தான் இருக்காங்க. உங்களுக்குத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. படுங்க” என்றார்.

பிரஷர் எகிறியிருந்தது. அது இறங்குவதற்குள் விமானம் மேலே ஏறிவிட்டது. அடுத்தது சாயங்காலம்தான்.

இப்போது சக்கர நாற்காலியில் அவர்; தள்ளியது மனைவி. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேர் விமானம் இருக்கு. ஒண்ணேகால் மணி நேரம்தான். நான்தான் பொய் சொன்னேன்.”

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போனாள். அதற்குள் மகளின் போன்.

“விமானத்தை விட்டுட்டோம்மா” என்றார். “நேர் விமானம் இருக்குங்கறதையும் அம்மாகிட்ட இப்பத்தான் சொன்னேன். வாயே திறக்க மாட்டேங்கறா.”

மகள் சிரித்துவிட்டாள்.

“அம்மாவுக்குப் போன மாசமே தெரியும்ப்பா. நேர் டிக்கெட்டா மாத்தித் தரேன்னேன். ‘ஒண்ணேகால் மணி நேரத்துல என்னத்தடி பேசி முடிக்கறது, அவர் எடுத்ததே இருக்கட்டும்’னுட்டாங்க.”