வழக்கமான அயிலை

சாரம் கட்டும் குரமோச்சி சாப்பாட்டுக் கடையின் வாசல் திரையை விலக்கித் தலையை நீட்டியதுமே, சமையல் மேடைக்கு அந்தப்பக்கம் நின்ற ஒனோசுகா முதலாளி ஒரு துண்டு அயிலை மீனைச் சட்டியில் இறக்கிவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் கேட்பதும் கிடையாது, குரமோச்சி சுவரில் தொங்கும் பதார்த்தப் பலகைகளை நிமிர்ந்து பார்ப்பதும் கிடையாது.

போச்சு. இன்றைக்கு இஞ்சி போட்டு வதக்கிய பன்றிக்கறி தின்றே தீர்வது என்று சாரத்தின் உச்சியில் நின்று சபதம் செய்துவிட்டு வந்திருந்தான். எத்தனை மாடி உயரத்திலும் அஞ்சாதவன், இந்த முக்காலியில் உட்கார்ந்ததும் வாய் திறக்க அஞ்சினான்.

ருசி பார்க்காமல் சோயா சாற்றை ஊற்றிக்கொண்ட ஒருவனை முதலாளி சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளியதை அவன் கண்ணால் கண்டவன். அமாகசாகி நகரின் இந்தச் சந்தில் வேறு சாப்பாட்டுக் கடை இல்லை. அவன் அறையில் அடுப்பும் இல்லை.

எல்லாம் முதல் நாள் வந்த வினை. அயிலை முள் தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் முட்ட, மேடையை ஓங்கிக் குத்தினான். "நல்லாயிருக்கா?" என்று முதலாளி கேட்டார். பேச்சு வராமல் தலையாட்டிவிட்டான். அன்று தொட்டு இத்தனை வருஷமாகத் தினமும் சோயா விழுதில் வெந்த அயிலைதான்.

"முதலாளி, இன்னிக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல."

கத்திச் சத்தம் நின்றது. "அப்ப முள்ள எடுத்துட்டுக் குழைய வேகவைக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"இதுல என்ன சிரமம்." சட்டியில் இன்னொரு துண்டும் விழுந்தது.

பக்கத்தில் லாரிக்கார நெமோட்டோ பன்றிக்கறியை அள்ளிக்கொண்டிருந்தான். முதலாளி காதில் விழட்டும் என்று குரமோச்சி சொன்னான்: "நெமோட்டோ அண்ணே, உங்க தட்டு வாசம் என்னை என்னமோ பண்ணுது."

விழுந்தது. "நெமோட்டோ, தட்டைத் தூக்கிட்டு மூலைக்குப் போ. அவருக்குக் குமட்டுது."

"வயித்துவலிக்காரன் வீட்ல கெடக்க வேண்டியதுதான," என்று முனகிக்கொண்டே போனான் நெமோட்டோ. வாசமும் அவனோடு போயிற்று.

அயிலை வந்தது. ஒரு துண்டை எப்படியோ விழுங்கினான். அடுத்தது இறங்கவில்லை. இந்தக் கடையில் தட்டில் மிச்சம் வைப்பதும் முதலாளி முகத்தில் துப்புவதும் ஒன்றுதான். ஆனது ஆகட்டும் என்று சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

முதலாளி மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையில் கத்தி இருந்தது.

"மிச்சம் வச்சிட்டீங்க." குரல் நடுங்கியது. கொதிக்கிறார் என்று குரமோச்சி நினைத்தான்.

"மன்னிச்சிருங்க முதலாளி. அயிலை எனக்கு மொதல்லேர்ந்தே புடிக்காது."

முதலாளி கத்தியை மேடையில் வைத்துவிட்டு, காலி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

தேநீர் ஊற்ற வந்த அவர் மனைவி யாசுயோ, சுவரில் வரிசையாகத் தொங்கிய பதார்த்தப் பலகைகளைக் காட்டினாள்.

"இதுல அயிலை எங்க இருக்குன்னு பாருங்க தம்பி. அதைக் கழட்டி எத்தனையோ வருஷமாச்சு. மேடையக் குத்தின ஆள்கிட்ட இல்லைன்னு சொல்லப் பயந்துக்கிட்டு, உங்க ஒருத்தருக்காகத்தான் இந்த மனுஷன் தினம் விடியுமுன்ன மீன் சந்தைக்கு ஓடுறாரு."