மேவிஸின் பின்வளவில் ஒரு ராடார்

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்பவனுக்கு முதல் ஐந்து நிமிடங்கள் மிகவும் சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பேராசிரியர் கிரெய்க் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, ராடாரில் அனுபவம் உண்டா என்று கேட்டார். இலங்கையில் ஒரு விமான நிலையத்தில் மூன்று வருடம் ராடார் பகுதியில் வேலை செய்ததாகச் சொன்னேன். அது பொய் அல்ல. ராடார் அறைக்கு எதிரே என் மேசை இருந்தது. நான் தொலைபேசி இணைப்புகளைத் திருத்துகிறவன். அந்த அறையின் கதவில் ‘உட்செல்லத் தடை’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. மூன்று மொழிக்கும் மூன்று வருடம் கீழ்ப்படிந்தேன். (பேராசிரியர் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதன் நிறத்தைக்கூடச் சொல்லியிருப்பேன்.)

வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்தத் துணிச்சலில் மனைவி பவானியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டுவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி அறை. உடுப்புகளைக் குளியலறையில் ஒரு கயிறு கட்டிக் காயப்போடுவோம். ஒரு ஷேட் காய மூன்று நாள் எடுக்கும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சாதாரண ஆஸ்திரேலிய வீட்டின் பின்வளவை நாங்கள் இருவரும் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எங்கள் வளாகத்துக்குள்ளேயே ஓர் இரகசிய ஆய்வுகூடம் இருந்ததாம். அங்கே வேலை செய்தவர்களின் மனைவிமாருக்கே கணவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே தீவுகளில் ஜப்பானிய விமானத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு ராடார்கள் பெரும் பாரம், காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. எனவே துண்டு துண்டாகக் கழற்றி விமானத்தில் ஏற்றி, இறங்கிய இடத்தில் சில பேர் சேர்ந்து பூட்டக்கூடிய ஓர் இலகு ராடாரை இவர்கள் உருவாக்கினார்கள். அதன் ஏரியலைக் கையாலேயே சுற்றுவார்கள். கிடைத்த குழாய், கிடைத்த கம்பி வலை என்று வைத்துச் செய்த சாமான்தான். ஆனால் அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது.

முப்பது வருடம் கழித்து அந்தப் பழைய ஆட்கள் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மீண்டும் கூடுவதாக ஏற்பாடு. மண்டபத்தில் ஒரு சிறு கண்காட்சி. படங்கள் இருந்தன, வால்வுகள் இருந்தன, ஏரியல்தான் இல்லை. அவர்களில் ஒருவரான ஆர்தர், யுத்தம் முடிந்ததும் ஓர் ஏரியலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, சனி காலை சிட்னிக்கு மேற்கே டூங்கபிக்குப் போய் அதை எடுத்துவரச் சொன்னார். ஆர்தரும் அவர் மனைவி மேவிஸும் விழாவுக்காகத் தலைமுடி சீர்செய்யப் போயிருப்பார்களாம். வீட்டின் பக்கவாட்டுப் படலைக் கதவு திறந்திருக்குமாம்.

“பின்வளவில் நிற்கிறது. பெரிய கம்பிச் சட்டம், ஒரு தூணில் சுழலும். பார்த்தவுடனே தெரியும்,” என்றார். பிறகு என் தோளில் தட்டி, “உனக்குத்தான் ராடார் தெரியுமே,” என்றார்.

இன்றைக்கு டூங்கபியில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழரின் மடியில்தான் விழ வேண்டும். அன்றைக்கு மாடுகளும் மரவீடுகளும்தான். பல்கலைக்கழகத்தின் சிறிய திறந்த லொறியை நான் ஓட்ட, பவானி பக்கத்தில் இருந்தாள். ஊர் பார்க்கிற ஆசையில் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். புல்வெளியின் நடுவே அது நின்றது. உருக்குத் தூண். உச்சியில் நான்கு கைகள். கைகளுக்கிடையே சதுரம் சதுரமாக, உள்ளிருந்து வெளியே விரிந்துகொண்டு போகும் கம்பிகள். இலேசான காற்றில் அது மெதுவாகச் சுழன்றது. எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

சிலிர்ப்பு அரை நிமிடம்தான். அதன்மேல் உடுப்புகள் தொங்கின. படுக்கை விரிப்பு, ஒரு பெரிய மனிதரின் பைஜாமா, பெண்களின் உள்ளாடைகள். ஒரு நாட்டைக் காத்த கருவிக்கு இந்தக் கதியா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பவானி ஒருமுறை அதைச் சுற்றி வந்தாள்.

“இஞ்சருங்கோ, இது உடுப்புக் காயப்போடுறதுக்கெண்டே செய்த சாமான் மாதிரிக் கிடக்கு.”

“உமக்கு இது விளங்காது,” என்றேன். வெளிநாட்டில் ஒரு புது மாப்பிள்ளை சொல்லக்கூடாத வசனம் அது. அன்றைக்கு எனக்குத் தெரியாத விஷயங்களில் அதுவும் ஒன்று.

தூணின் பக்கத்தில் ஒரு கைபிடி இருந்தது. பார்த்தீரா, இதைப் பிடித்துத்தான் படைவீரர்கள் ஏரியலைச் சுற்றினார்கள் என்று விளக்கினேன். பவானி கைபிடியைச் சுற்றிப் பார்த்தாள். ஏரியல் சுழலவில்லை. பைஜாமா, விரிப்பு, எல்லாவற்றோடும் மெல்ல மேலே உயர்ந்தது.

“இது சுத்தேல்லை. உயருது.”

“உயர்ந்தால்தானே தூரத்திலை வாற விமானம் தெரியும்,” என்றேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. (அந்த வேகத்தை நான் படிப்பில் காட்டியிருந்தால் இன்று பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பேன்.)

கிளிப்புகள் போட்ட ஒரு சிறு கூடை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததையும் அவள் காட்டினாள். நான் ஸ்பானரை எடுத்தேன். வேலை செய்யக் கோட்டைக் கழற்றி, வேலியோரம் போஞ்சிக்கொடி படர்ந்திருந்த ஒரு துருப்பிடித்த இரும்புச் சட்டத்தில் மாட்டினேன். கொண்டுபோன ஏணி தேவைப்படாததால் அதையும் அந்தச் சட்டத்திலேயே சாய்த்தேன். பவானி ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நேர்த்தியாக மடித்து, கீழே கிடந்த பிரம்புக் கூடையில் அடுக்கினாள். அடுத்த வளவில் ஒருவர் புல் வெட்டும் இயந்திரத்தோடு நின்றார். எங்களைப் பார்த்துக் கை காட்டினார். நானும் கை காட்டினேன். அவர் தொடர்ந்து புல் வெட்டினார்.

இரண்டு மணித்தியாலம் பாடுபட்டுக் கழற்றினோம். மண்டபத்தின் நடுவில் அதை மீண்டும் பூட்டி, துணியால் துடைத்து, கம்பிகளை இழுத்துக் கட்டினேன். ஓர் அட்டையில் என் அழகான ஆங்கில எழுத்தில், யுத்தகால இலகு ராடாரின் ஏரியல், கையால் இயக்குவது, தொட வேண்டாம் என்று எழுதி முன்னால் வைத்தேன். பவானி ஓர் ஓரக் கதிரையில் போய் இருந்தாள்.

பேராசிரியர் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டு நின்றதால் உள்ளே வந்து பார்க்கவில்லை. கிழவர்கள் இருபது பேர் இருக்கும், ஒவ்வொருவராக வந்து அதன் முன்னால் நின்றார்கள். யாரும் பேசவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். பழைய நினைவில் கண் கலங்கிவிட்டது, பாவம் என்று எண்ணினேன். அந்த அமைதியை மரியாதையாக நிரப்புவது என் கடமை என்று தோன்றியது. விளக்கவுரை ஆற்றத் தொடங்கினேன். வெளிச் சதுரம் அலைகளை அனுப்பும், உட்சதுரம் திரும்பி வருவதைப் பிடிக்கும் என்றெல்லாம் சொன்னேன். எந்த நூலிலும் இல்லாத பௌதிகம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ராடாரைக் கண்டும் கட்டியும் களைத்தவர்கள்.

மெலிந்த உயரமான ஒருவர் மிகவும் பணிவாக, எவ்வளவு தூரம் பார்க்கும் என்று கேட்டார். நூறு மைல் என்றேன். மழை நாளில் எப்படி என்றார். மழையில் வேலை கொஞ்சம் மந்தப்படும் என்றேன். அவர் தலையை ஆட்டி, “அதைத்தான் என் மனைவியும் சொல்வாள்,” என்றார். இன்னொருவர், காற்றடித்தால் நல்லதா கெட்டதா என்று கேட்டார். காற்று ஒன்றும் செய்யாது என்றேன். அவர் என்னோடு உடன்படவில்லை. காற்றும் வெயிலும் சேர்ந்தால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. இந்த நாட்டு மனிதர்கள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டுதான் ஆளை வறுப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது ஆர்தர் கைத்தடியோடு வந்தார். பக்கத்தில் மேவிஸ், புதிதாகச் சுருட்டிய தலைமுடியோடு, பேராசிரியரிடம் பொரிந்துகொண்டே வந்தார். அவர்கள் வீட்டில் பட்டப்பகலில் திருட்டாம். வீட்டுக்குள் ஒன்றையும் தொடவில்லையாம். பின்வளவில் நின்ற துணி காயப்போடும் ராட்டினத்தை மட்டும் அடியோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பொலிசுக்கு அறிவித்தாராம். இதில் பெரிய அதிசயம், கள்ளன் ஈரத் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தானாம். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் ஆர்தர் ஒருநாளும் அப்படி மடித்ததில்லையாம்.

ஓரக் கதிரையில் பவானி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மேவிஸ் பேச்சை நிறுத்தினார். நடந்து வந்து என் அட்டையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். தொட வேண்டாம் என்ற வரியையும் வாசித்தார். பிறகு கையை நீட்டி, உள்கம்பியில் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு சாம்பல் நிறச் சொக்ஸைக் கழற்றி ஆர்தரிடம் கொடுத்தார்.

“உங்களுடையது,” என்றார்.

அதுவரை சிரிப்பைப் பிடித்து வைத்திருந்த இருபது கிழவர்களும் ஒன்றாக வெடித்தார்கள். ஆர்தர் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் போக, பவானி எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தாள். மூச்சு வந்ததும் அவர் சொன்னார், உண்மையான ஏரியல் வேலியோரம் நிற்கிறது, முப்பது வருடமாக மேவிஸ் அதில் போஞ்சி வளர்க்கிறாள் என்று. நான் கோட்டு மாட்டியது, ஏணி சாய்த்தது எல்லாம் அதில்தான். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் தக்காளி நிறத்தில் இருந்தது. திங்கள் காலை வந்து என்னைப் பார் என்றார்.

ஞாயிறு காலை ராட்டினத்தைத் திரும்பக் கொண்டுபோய் நட்டோம். லொறியைப் பல்கலைக்கழகத்தில் தானே ஒப்படைப்பதாக ஆர்தரின் அயலவர் வாங்கிக்கொண்டதால் நாங்கள் வீட்டுக்கு ரயிலில் திரும்பினோம். யன்னலால் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டின் பின்வளவிலும் ஒரு தூண், நான்கு கைகள், சதுரக் கம்பிகள். டூங்கபியிலிருந்து சிட்னி வரைக்கும் ஒரு வீடு தப்பவில்லை. பவானி எதிர் இருக்கையில் இருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். வெஸ்ட்மீட் நிலையம் தாண்டும்போதே அறுபது வந்துவிட்டது.

திங்கள் காலை பேராசிரியர் முன் நின்றேன். ஊருக்கு எழுதவேண்டிய கடிதத்தை இரவே மனதில் எழுதி முடித்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இலங்கையில் ராடாரோடு உனக்கு உண்மையில் என்ன சம்பந்தம்? கதவைப் பற்றிச் சொன்னேன். பிறகு, அந்த ராட்டினத்தை மண்டபத்தில் தனியாகப் பொருத்திப் பூட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். கம்பிகள் நேராக இருந்ததாகவும், அந்தச் சாமானை அவ்வளவு ஒழுங்காக யாரும் பூட்டி இதுவரை தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். வேலை தப்பியது. நிரந்தரமாக்குவதற்கான ஆறு மாதம் ஒன்பதானது, அவ்வளவுதான்.

உண்மையான ஏரியலை மேவிஸ் கொடுக்க மறுத்துவிட்டார். போஞ்சி பூத்திருக்கிறதாம். எனவே அடுத்த சனிக்கிழமை அந்தக் கிழவர்கள் எல்லோரும் கார்களில் டூங்கபிக்கு வந்தார்கள். கொடிகளை விலக்கிவிட்டு ஆர்தர் அந்தத் துருவேறிய சட்டத்தை இரு கைகளாலும் பிடித்துக் காட்டினார், மழையில், காய்ச்சலோடு, இரவும் பகலும் முறைவைத்து எப்படிச் சுற்றினார்கள் என்று. மெலிந்த உயரமான மனிதர் சட்டத்தில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார். இம்முறை நான் விளக்கவுரை எதுவும் ஆற்றவில்லை.

பிறகு நாங்களும் வீடு வாங்கினோம், பின்வளவில் அதே ராட்டினத்தோடு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ராடார். பிள்ளைகள் இருவரும் வேறு பெயர் தெரியாமலே வளர்ந்தார்கள். மகள் பாலர் வகுப்பில், எங்கள் அம்மா ஒவ்வொரு நாளும் ராடாரில் வேலை செய்கிறா என்று சொல்லி, ஆசிரியை பவானியைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையோடு விசாரித்த கதையும் உண்டு.

அந்த மகள், சென்னையிலிருந்து வந்த ஒரு பொறியியலாளரைக் கல்யாணம் செய்யப்போவதாகச் சொல்லி முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பவானி குசினியிலிருந்து, தம்பி, ஓடிப்போய் ராடாரிலை கிடக்கிற சாரங்களை எடுத்துக்கொண்டு வாங்கோ என்று குரல் கொடுத்தாள். பையன் நல்ல பையன், உடனே எழுந்து ஓடினான். பத்து நிமிடம் ஆளைக் காணவில்லை. மழை கொட்டியது. யன்னலால் பார்த்தால், ராட்டினத்தில் நனையும் என் கைலிச் சாரங்களைத் தாண்டித் தாண்டி அவன் கூரையை அண்ணாந்து பார்த்தபடி வீட்டைச் சுற்றி வருகிறான்.

தெப்பமாக நனைந்து வாசலில் வந்து நின்றான்.

“அங்கிள், ராடார் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?”

பவானி துவாயை அவன் கையில் கொடுத்தாள்.

“அவரிட்டை மட்டும் கேளாதேங்கோ, தம்பி,” என்றாள்.