மேஜை மேல் வைத்த சாவி

இங்கிலீஷ் பாட்டு புரியவில்லை என்றால் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் போகலாம், உயிருக்குச் சேதமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அர்த்தம் சொல்லக் கிளம்பினால்தான் வம்பு.

எண்பதுகளில் பம்பாயில் எங்கள் தாராவி சந்துக்கே இங்கிலீஷ் துரை நான்தான். ஆபீசில் டைப்பிஸ்ட் (டைப் அடிக்கத்தான் தெரியும், அர்த்தம் யார் கேட்டார்கள்!). அடுத்த வீட்டு ரோஸ்லின் ஒருநாள் கேசட்டோடு வந்தாள். அவள் பாடுவதைக் கேட்கவே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முதல் ஆளாய்ப் போகிறவன் நான். அவ்வளவு பிடிக்கும்.

"அக்கா கல்யாண வரவேற்புல பாடணும்ணே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செம்பூர்ல இருக்காங்க, இங்கிலீஷ்லயே பேசுதவங்க. இந்தப் பாட்டு ஆகுமா?"

(அந்த 'அண்ணே'யை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.)

கேட்டேன். பாட்டில் ஒருத்தி சாவியை மேஜை மேல் வைக்கிறாள், காலை ரயில் ஏறுகிறாள், காப்பி ஆறுகிறது, அவன் ஜன்னலில் நிற்கிறான். எங்கள் சந்தில் சாவியை யாரிடம் விட்டுப் போவோம்? ரொம்ப வேண்டியவர்களிடம்தானே!

"பொண்டாட்டி வேலைக்குப் போகும்போது சாவியை அவன்கிட்ட விட்டுட்டுப் போறா. எவ்வளவு நம்பிக்கை! அவன் ஜன்னல்ல நின்னு டாட்டா காட்டுதான்."

"காப்பி ஏன் ஆறுது?"

"ரெண்டுபேரும் பேசிக்கிட்டே இருந்தா ஆறாதா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு பைபிளுக்கே புது அர்த்தம் சொல்லியிருப்பேன்.

வரவேற்பில் உருகி உருகிப் பாடினாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்தார் (நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்). பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கை வாங்கினார்.

"இது பொண்டாட்டி சாவியை வச்சிட்டு ஒரேயடியா விட்டுப் போற பாட்டும்மா! யாரு சொல்லிக்கொடுத்தது?"

ரோஸ்லின் என்னைக் கைகாட்டினாள். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அன்று முதல் இரண்டு வீட்டிலும் எனக்குப் பெயரே சாவியண்ணன்.

கேலி கொஞ்சம் அடங்கட்டும், மனசில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அடங்குவதற்குள் ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குக் குடும்பமே ஊருக்குக் கிளம்பிய காலையில், வீட்டைப் பூட்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மேஜை மேல வைக்கலண்ணே, கையிலதான் தாறேன்."

குடும்பமே சிரித்தது, நானும் சிரித்தேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடினாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் காப்பி ஆறிப்போயிருந்தது. பாவி மனுஷன், அந்தப் பாட்டு எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இன்றும் அவள் அக்கா வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், "மேஜை மேல வைக்கல, கையிலதான் தாறேன்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவேன்.