பொம்மையை உரித்துக்கொண்டு மலையேறிய மாமா எழுதுவது

அன்பும் அடக்கமும் ஒருங்கே வாய்த்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் மனைவி மக்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் அக்கா சுகம், என் வலது கால் சுகம். இடது காலைப் பற்றியும், அதைவிட மோசமாக முறிந்து கிடக்கும் மற்ற விஷயங்களைப் பற்றியும் தெரிவிக்கவே இக்கடிதம். போனில் பேசலாமே என்று தாங்கள் நினைக்கலாம். என் போன் மலையில் ஏதோ ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. தங்கள் அக்காவின் போனைக் கேட்கலாம் என்றால், அதற்கு முதலில் அவள் என்னோடு பேச வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு யார் காரணம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இனிமேல் இந்தத் 'தாங்கள்' வேண்டாம் மச்சான். ஆத்திரத்தில் எழுதும்போது மரியாதை குறுக்கே குறுக்கே வருகிறது.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மலையேறுகிறவர்களுக்கு ஷூவும் பையும் கயிறும் விற்கிற அந்த ஒரே கடையில்தான் குப்பை கொட்டுகிறேன். ஓர் ஆள் வாசலில் நுழையும்போதே நடையைப் பார்த்து அவர் கால் அளவைச் சொல்லிவிடுவேன், இதுவரை தப்பியதில்லை. வாங்க வருகிறவர்களுக்கு மலையில் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தாமல் பில் போட விடமாட்டேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் விதிமுறைகள் ஒட்டியிருக்கிறதே, அதை எழுதியது நான்தான். முதல் விதி, எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள் என்பது. அப்படிப்பட்ட நான், போன மாதம் ஷூ வாங்க வந்த குட்டை முடிக்கார அம்மாளுக்கு வழக்கம்போல விசில், விளக்கு, முதலுதவிப் பெட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எந்தெந்த மலை ஏறியிருக்கீங்க?" என்று கேட்டார். நான் கையிலிருந்த விசிலைத் துடைக்க ஆரம்பித்தேன். பில் போடுகிற பெண், தலையை நிமிர்த்தாமலே, "மாடியில இருக்கிற கிடங்குக்கு ஏறுவார் மேடம். நடுவுல ஒரு தடவை உட்கார்ந்துட்டு ஏறுவார்" என்றாள். மானம் போயிற்று. அந்த அம்மாள் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், ஒரே ஒரு மலையாவது ஏறிவிடுவது என்று. உன் அக்காவிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியாததா? பரணில் இருக்கும் பெட்டியை எடுக்க நாற்காலி மேல் ஏறினாலே கீழே நின்று நாற்காலியின் காலைப் பிடித்துக்கொள்கிறவள். அதனால்தான் கடை விடுமுறை நாளில் உன் வீட்டுக்குப் போவதாக அவளிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும் மலைக்குப் போவதைச் சொல்லி, "அக்கா கேட்டா இங்கதான் இருக்கேன்னு சொல்லிடு மச்சான்" என்று கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொள்கிறேன். நான்தான் கேட்டேன். ஆனால் கேட்டதைச் செய்வதிலும் ஒரு அளவு இருக்கிறதல்லவா?

சாமான்களை எடுக்கப் போனபோதுதான் புத்தி புல் மேயப் போயிற்று. புதுப் பெட்டியைப் பிரித்தால் அதை அப்புறம் விற்க முடியாது, முதலாளி தோலை உரித்துவிடுவார். எனவே முதலாளி வீட்டுக்குப் போன பிறகு, தெருவைப் பார்த்த கண்ணாடி அறைக்குள் நிற்கிற பொம்மையின் தோலை நான் உரித்தேன். அதன் மழைக்கோட்டு, பை, ஷூ, தலையில் கட்டும் விளக்கு எல்லாவற்றையும் கழற்றினேன். மறுநாள் ராத்திரிக்குள் திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். காட்சிச் சாமான் காட்சிக்குத்தான் என்பது, வருஷக்கணக்காக அவற்றைக் காட்சிக்கு வைத்த எனக்கே மறந்துபோனதை என்னவென்று சொல்வது? பிள்ளைகள் எடுத்து ஊதி உயிரை வாங்குகிறார்கள் என்று விசிலுக்குள் இருந்த உருண்டையை எடுத்துப் போட்டவன் நான். விளக்கின் பேட்டரி கசிகிறது என்று கழற்றியவன் நான். ஜோடி பிரிந்துபோன ஷூக்களைத்தான் பொம்மைக்கு மாட்டுவோம், பொம்மை எங்கே குறை சொல்லப்போகிறது? இடது ஷூ இரண்டு அளவு பெரியது. ஊர் உலகத்துக்கெல்லாம் கால் அளவு சொல்கிறவனுக்குத் தன் காலில் கிடப்பது தெரியவில்லை. கொஞ்சம் லொடலொடவென்று இருக்கிறது, நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஷூ விற்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

போனது எந்த மலை என்கிறாயா? கடைக்கு வருகிற புது ஆட்களுக்கெல்லாம் நான் சிபாரிசு பண்ணுகிற அதே மலைதான். கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் ஏறினேன். பாதி மலையில், ஈரப் பாறை ஒன்றின் மேல் இடது ஷூ நிற்க, அதற்குள் இருந்த கால் மட்டும் தனியாகக் கிளம்பிற்று. உருண்டேன். போன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்திருக்கப் பார்த்தால், கணுக்கால் பார்க்கக் கூடாத திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரி, பதறக்கூடாது, இதற்குத்தானே இத்தனை சாமான் என்று முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு காகிதம், 'மாதிரி மட்டும்' என்று என் கையெழுத்திலேயே. சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் அட்டை. கயிறு, வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக வெட்டி வைத்த முழ நீளத் துண்டு. விசிலை ஊதினேன், தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு பனி இறங்கிற்று, மழையும் பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டு, பொம்மையின் முதுகில் இறுக்கமாக நிற்பதற்காகப் பின்பக்கம் நெடுக ஊசி குத்தி வைத்தது, தண்ணீர் உள்ளே ஒழுகிற்று. உதவியது ஒன்றே ஒன்றுதான். பை உப்பலாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே திணித்து வைத்த பழைய செய்தித்தாள்கள். கசங்கிய காகிதத்தையெல்லாம் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு, ஒரு பாறைக்கு அடியில் நானே ஒரு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மச்சான், விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, அங்கே உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. நேரம் போகப்போகக் கால் வலிகூட மரத்துப்போயிற்று, பயம்தான் மரக்கவில்லை. காலையில் கிளம்பும்போது உன் அக்கா வாசலில் நின்று, "தம்பியைக் கேட்டதா சொல்லுங்க" என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவளிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய், அதோடு போய்ச் சேரப்போகிறேன் என்று நினைத்தேன். யாரும் தேடி வரமாட்டார்கள் என்பது நிச்சயம். நான்தான் பத்திரமாக உன் வீட்டில் இருக்கிறேனே.

இப்போது உன் சாதனைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் நீயே என் காதோடு பெருமையாகச் சொன்னாய், "கவலைப்படாதீங்க மாமா, கடைசி வரைக்கும் உங்களை விட்டுக்கொடுக்கல" என்று. என் போன் எடுக்கவில்லை என்று மத்தியானம் அவள் உன்னைக் கூப்பிட்டாள், மாமா குளிக்கிறார் என்றாய். சரி. அப்புறம் கூப்பிட்டாள், சாப்பிடுகிறார், வாய் நிறையச் சாப்பாடு, பேச முடியாது என்றாய். அதுவும் சரி. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் மறுபடியும் குளிக்கிறார் என்றாயாமே. அட பாவி, உனக்கு வேறு கற்பனையே கிடையாதா? பொழுது சாயப் போகிறது, மழை கொட்டுகிறது, போன் போகவில்லை, ஓர் ஆள் மலைக்குத் தனியாகப் போயிருக்கிறான், உண்மையைச் சொல்லித் தொலைப்போம் என்று உனக்கு ஏன் தோன்றவில்லை? உன் விசுவாசம் என்னைக் கொல்லப் பார்த்தது. இதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

மீட்புக் குழு வந்தது யார் புண்ணியமோ. அடிவாரத்தில் என்னை இறக்கிவிட்ட பஸ் ஓட்டுநர்தான் தகவல் கொடுத்திருக்க வேண்டும், மகராசன், அவரைக் கண்டுபிடித்து நன்றி சொல்ல வேண்டும். இருட்டப்போகிற நேரத்தில் பனிக்குள் ஆள் குரல் கேட்டது. முதலில் வந்து குனிந்து பார்த்த முகம் யாருடையது என்கிறாய்? அந்தக் குட்டை முடிக்கார அம்மாள். குழுவுக்கே தலைவியாம். காலில் என்னிடம் வாங்கிய ஷூ, அளவு கச்சிதமாக இருந்தது. என் கழுத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கடைச் சீட்டைத் திருப்பி, "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று வாய்விட்டுப் படித்தார். கூட வந்தவர்களிடம், "கடையில திரும்ப எடுத்துக்க மாட்டாங்களாம்பா. நாமளே தூக்கிட்டுப் போவோம்" என்றார். காலுக்குக் கட்டை வைத்துக் கட்டும்போது மட்டும், "வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். நான் மேகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். உன் அக்கா ஒரு குறை வைக்கவில்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, முதுகுக்குத் தலையணை. ஆனால் பேச்சு முழுக்க என் காலோடுதான், என்னோடு இல்லை. மாவுக்கட்டைப் பார்த்து, "இந்தக் கால் கொஞ்சம் நகர்ந்துச்சுன்னா பெருக்கிடுவேன்" என்கிறாள். "இந்தக் காலுக்கு மாத்திரை நேரம் ஆச்சு" என்கிறாள். நான் ஏதாவது சொன்னால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். முதலாளி வந்து பார்த்தார். என் காலை ஒரு தடவையும் மழைக்கோட்டை இரண்டு தடவையும் பார்த்துவிட்டுப் போனார். வேலை போனால் போகட்டும். வீட்டில் இப்படி ஒரு மௌனம் இருந்தால் மனுஷன் எப்படி உயிரோடு இருப்பது? அந்தப் பாறைக்கு அடியிலாவது மழைச் சத்தம் கேட்டது. ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, எல்லாவற்றுக்கும் நீதான் காரணம் என்று உன் அக்காவின் காலில் விழுந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வராவிட்டால் நமக்குள் உறவு இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, உன்னைப் போல் வளராமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வேறு வழியில்லாமல் ஒற்றைக் காலில் நிற்கும்
உன் மாமா

பின்குறிப்பு: மேலே உன்னைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். கடிதத்தை உறையில் போடப் போகும்போது உன் அக்கா வந்தாள். "இந்தக் கால் யாருக்குக் கடிதம் எழுதுது?" என்றாள். "உன் தம்பிக்குத்தான், திட்டி எழுதுறேன்" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "அவனைத் திட்டாதீங்க. குளிக்கிறார்னு ஒரு தடவை சொன்னான், நம்பினேன். மறுபடியும் குளிக்கிறார்னான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க ஒரே நாள்ல ரெண்டு தடவை குளிச்சு நான் பார்த்ததே இல்ல. வண்டி பிடிச்சுக் கடைக்கு ஓடினேன். கடை பூட்டியிருக்கு, கண்ணாடிக்குள்ள அந்தப் பொம்மை அம்மணமா நிக்குது. அப்பவே புரிஞ்சு போச்சு. அந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நடுத்தெருவுல அழுதேன். கதவுல மீட்புக் குழு நம்பர் ஒட்டியிருந்தது. எந்த மலைன்னு கேட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு மலைதானே, அதைச் சொன்னேன்" என்றாள். பஸ் ஓட்டுநர் இல்லை, மச்சான். நீ மட்டும் ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால், நான் இன்னும் அந்தப் பாறைக்கு அடியில்தான் இருந்திருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இனி எங்க போனாலும் உன்னோடதான், உனக்கும் நல்ல ஷூவா நானே எடுத்துத் தரேன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து நின்றாள். "ஊர்ல எல்லார் காலையும் பார்த்தே அளவு சொல்வீங்களே, என் கால் அளவு என்ன? சரியா சொல்லுங்க, அப்புறம் பேசுறேன்" என்று பாதம் தெரியாமல் புடவையை இறக்கி விட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் செருப்பு வாசலில் கிடக்கிறது, நான் கட்டிலில் கிடக்கிறேன். எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் உடனே எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்காதே.