குடைக்கு விழுந்த ஓட்டு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு முறை காகிதத்தை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. எழுத உட்கார்ந்தால் தார் வாளி தூக்கிய மாதிரி கை வலிக்கிறது. ஆனால் எங்கள் ஊர் காஜா பேராங்கில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லித் திரிகிறார்கள். ஒருவன் கதையில் நான் ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். இன்னொருவன் கதையில் திடலில் நின்று அழுகிறேன். நான் ஓடவில்லை. (அழுதது வேற விசயம்.)

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். நாட்டில் முதல் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. எங்கள் தமிழ் ஆட்களில் நிறையப் பேருக்குக் குடியுரிமை இல்லாததால் அதில் ஓட்டே கிடையாது. கிடைக்காததாலேயே ஓட்டின்மேல் பைத்தியமாக இருந்தார்கள். கோப்பிக்கடை கருப்பண்ணன், மத்தியானத்துக்கு மீன் கறியா கோழிக் கறியா என்பதைக்கூடக் கை தூக்கச் சொல்லித்தான் முடிவு செய்வார். (எப்படித் தூக்கினாலும் மீன்தான் வரும்.)

அந்த நேரம் பார்த்து எங்கள் பந்து கிளப்பின் மேனேஜருக்குச் சிரம்பானுக்கு மாற்றல் வந்தது. மேனேஜர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். பதினோரு பேரைப் பொறுக்க வேண்டும், வெளியூர் ஆட்டத்துக்கு லோரி பிடிக்க வேண்டும், பாதி ஆட்டத்தில் ஆரஞ்சுப் பழம் அறுத்துத் தர வேண்டும், தோற்றால் திட்டு வாங்க வேண்டும். இதற்குப் புது ஆள் யார் என்று ஒரு வாரம் கோப்பிக்கடையில் தொண்டை கிழிந்தது. காரணம், சீக்கிரமே பக்கத்து ஊர் செமாபோக் ஆட்களோடு ஆட்டம். போன வருஷம் அவர்களிடம் ஐந்து கோல் வாங்கியிருந்தோம்.

"டிரெஸ்ஸரையே போட்டுரலாம்லா," என்றார் கருப்பண்ணன்.

டிரெஸ்ஸர் அந்தோணிசாமிக்கு ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலை. எங்கள் முட்டிகளில் இருக்கும் தையல் பூராவும் அவர் கைவரிசை.

"அவரு சாதுவான ஆளுண்ணே. ஆட்டக்காரன் பயப்பட மாட்டான்," என்றான் ஒருவன்.

"பயப்படுறதுக்கு அவன் என்ன ஊசியா போட்டுக்கப் போறான்? பந்துதானே ஒதைக்கப் போறான்."

கடைசியில் எல்லோரும் டிரெஸ்ஸர் என்று ஒத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து அதிகமாக வருத்தப்பட்டவர் கருப்பண்ணன்தான்.

"ஒரே ஆளு நின்னா அது என்னப்பா எலெக்‌ஷன்? பிஸ்கட் டின்ன வேற கழுவி ஓட்டை போட்டு வச்சிருக்கேன்."

இந்த இடத்தில்தான் என் வாய் திறந்தது. "மண்டோரய்யாவ நிறுத்துங்கண்ணே. ஜோரா இருக்கும்."

கடையே சிரித்தது. வீராசாமி மண்டோர் டவுன் ரோட்டு வேலைக்கு மேற்பார்வை. நான் அவருக்குக் கீழே தார் ஊற்றுகிறவன். விடியற்காலையில் பெரட்டு என்று எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார். "ஒடம்பு சரியில்லேன்னா அந்த ஒடம்பத் தூக்கிட்டு வந்து சொல்லு" என்பார். அவர் மாதிரியே பேசிக் காட்டித்தான் நான் ஓசிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது உருண்டை என்பது மட்டும்.

விளையாட்டுக்குச் சொன்னதை யாரோ அவரிடம் நிஜமாகவே சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு ஓட்டுப் போட வந்தால், மண்டோர் இஸ்திரி போட்ட கோட்டோடு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் குடை. (அப்பவே வீட்டுக்குப் போயிருக்கணும்.)

சீட்டு தயாரிக்கிற வேலை எனக்கும் கிச்சிக்கும். கிச்சி, கம்போங் செட்டிப் பையன்; தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழை மறந்துவிட்ட குடும்பம். முழுப்பேர் கிருஷ்ணன் பிள்ளை, நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். அவனுடைய தமிழ் 'அண்ணே', 'சாப்பாடு' இரண்டோடு முடிந்துவிடும். அவன் அப்பாவுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இருந்ததால், பிடித்த ஆளுக்கு நேராகப் பெருக்கல் குறி போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். டிரெஸ்ஸருக்கு மருந்து பாட்டில், மண்டோருக்குக் குடை என்று நான் படம் வரைந்தேன். அவன் தன் ஆட்களுக்கு மலாயில் விளக்கினான். நான் நம் ஆட்களுக்குத் தமிழில் விளக்கினேன்.

"ஒரு படத்துல மட்டும் பெருக்கல் குறி போடுங்க."

"எந்தப் படத்துலப்பா?" என்றார் கருப்பண்ணன்.

பிடித்த படத்தில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. என் நோட்டுகளில் வாத்தியார் போட்ட பெருக்கல் குறிகளைப் பார்த்தால் முள்கம்பி வேலி போட்ட மாதிரி இருக்கும். அது ஊருக்கே தெரியும். அதனால், "பள்ளிக்கூடத்துல வாத்தியாரு எனக்குப் போடுவாரே, அந்த மாதிரிதான்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

நான் குடைக்குத்தான் போட்டேன். மண்டோருக்கு ஒன்றுமே விழாமல் போனால் மறுநாள் கிண்டல் செய்ய எனக்கே மனசு வராது, அதற்காக.

கிச்சி டின்னைத் திறந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துச் சொல்ல, கருப்பண்ணன் சத்தமாக எண்ணினார். "குடை. குடை. பாட்டில். குடை. குடை." அவர் குரல் சீட்டுக்குச் சீட்டு மெலிந்துகொண்டே போனது. கடைசிச் சீட்டுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்கவில்லை. குடை, பாட்டிலைப் போல இரண்டு மடங்கு.

மண்டோர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

"இதுவரைக்கும் என்னைய மேல உள்ளவன்தான் வேலையில போட்டான்," என்றார். "கீழ உள்ளவன் எவனும் நான் வேணும்னு சொன்னதில்ல." குடையை மறந்து நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் வீட்டிலிருந்து கோப்பிக்கடைக்கு ஒரு குண்டான் பாயாசம் வந்தது. எல்லோரும் குடித்தார்கள். குடித்துக்கொண்டே, "நீதானே போட்டே?" என்று ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

"சத்தியமா நான் இல்ல," என்றார் கருப்பண்ணன். "மண்டோரு குடை மேல பெரிய தப்பா அடிச்சேன். காகிதமே கிழிஞ்சு போச்சு."

"தப்புன்னா?" என்றேன்.

"நீதானப்பா சொன்னே, வாத்தியாரு போடுற மாதிரின்னு. வாத்தியாரு எதுக்குப் போடுவாரு? வேணாம்னுதானே போடுவாரு."

பாயாசக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயம் எனக்கு மட்டும்தான் புரிந்தது. வேண்டாம் என்று போட்டவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவரை ஜெயிக்க வைத்துவிட்டார்கள், போடச் சொல்லிக் கொடுத்தவன் நான். கிச்சியிடம் மட்டும் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், மண்டோரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, வேறு வாயிலிருந்து போனால் உன் வேலை போய்விடும் என்றான்.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவது என்று திடலுக்குப் போனேன். மண்டோர் இப்போது ஆட்டக்காரர்களுக்கும் பெரட்டு வைத்திருந்தார். புக்கிட் பாரு வரைக்கும் ஓடிவிட்டு வந்து, நாக்குத் தள்ள வரிசையில் நின்றோம். ஆட்டத்துக்கான பதினோரு பேரைக் காகிதம் எதுவும் இல்லாமல் வாயாலேயே சொன்னார். முதல் பேர் என்னுடையது. அதுவரைக்கும் கிளப்பில் என் வேலை, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களோடு உட்கார்ந்திருப்பது.

"மண்டோரய்யா, ஒரு விசயம்."

"தெரியும்டா ராசு. என் பேர மொதல்ல சொன்னது நீதானாமே." என் தோளில் கை வைத்தார். தார் ஊற்றிய இரண்டு வருஷத்தில் அந்தக் கை என் மேல் பட்டதே இல்லை. நான், "ஆமாங்கய்யா," என்றேன். வேறென்ன சொல்வது.

அதற்கப்புறம் நாலு நாள் கருப்பண்ணனையே சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் யாரிடமாவது வாயைத் திறந்தால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றினேன். ஒரு சின்னப் பையன் பெருக்கல் வாய்ப்பாடு படித்தால்கூட வேறு தெரு வழியாகப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பாதி ஆட்டத்தில் செமாபோக் மூன்று, நாங்கள் சைபர். மூன்றில் ஒன்று என் காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. வேடிக்கை பார்த்த எங்கள் ஊர் ஆட்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள்.

"யாருய்யா இந்த ஆள மேனேஜராப் போட்டது?"

மண்டோர் ஆரஞ்சு அறுத்துக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார். "நீங்கதானே," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"இல்லய்யா," என்றேன். பெருக்கல் குறி, வாத்தியார், என் நோட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

மண்டோர் கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அப்ப வேணும்னே எனக்குப் போட்டது எத்தன பேரு?" என்றார் மண்டோர்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுங்கய்யா. நான் போட்டது."

"ஏன் போட்ட?"

"கிண்டலுக்கு."

கூட்டம் டிரெஸ்ஸர் பக்கம் திரும்பியது. அவர் ஒருவன் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "எனக்குக் கையில வேல இருக்கு. மிச்ச ஆட்டத்த அவரே பாக்கட்டும்," என்றார்.

மண்டோர் ஆரஞ்சை எல்லோருக்கும் கொடுத்தார். என்னிடம் வரும்போது தட்டு காலி. "எனக்குத் தப்புப் போட்டவன்லாம் கேட்டுக்க. இன்னும் பாதி ஆட்டத்துக்கு நான்தான் மேனேஜரு. ராசு, கோட்டுக்கு வெளிய போ. கிச்சி, நீ எறங்கு."

நான் இல்லாத அந்தப் பாதியில் எங்கள் ஆட்கள் மூன்று கோல் போட்டார்கள். மூன்றுக்கு மூன்று. (அதுல ரெண்டு கிச்சி. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கான்.)

ஆட்டம் முடிந்ததும் கருப்பண்ணன் மறுபடி ஓட்டு என்றார். சீட்டு வேண்டாம், கை தூக்கினால் போதும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மண்டோருக்கு முதலில் தூக்கிய கை டிரெஸ்ஸருடையது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

மண்டோர்தான் இன்னும் மேனேஜர். நான் அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே போனவன், இன்னும் உள்ளே வரவில்லை. எனக்குப் பெண் பார்த்தபோது போட்டோவை நீட்டி, "பெருக்கல் குறி போடாத, வாயத் தொறந்து சொல்லு," என்றாள் அம்மா. அந்தப் பெண் வீட்டுக்கும் கதை தெரிந்திருந்தது. இப்போது அவளும், கறிக்கு உப்பு எப்படி என்று கேட்டுவிட்டு, "சரியா, இல்ல வாத்தியாரு போடுறதா?" என்கிறாள்.

நேற்று கிச்சியிடம், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மண்டோர் படித்தால் மனசு இரங்கி ஒரு ஆட்டத்திலாவது என்னை இறக்குவாரா என்று கேட்டேன்.

அவன் மலாயில் சொன்னான்: "அவருக்குப் படிக்கத் தெரியாது, உன்னைத்தான் தெரியும்."